ஃபர்னஸ் பேனலில் தண்ணீர்க் கோளாறு: அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரிகளில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பேனல்களோடு, அதாவது இரும்பு உருக்கும் மின் உலைக்குப் பவர் கொடுக்கும் பெட்டிகளோடு, பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பேனலுக்குள் கரண்டைத் திறந்து மூடும் சிலிக்கான் ஸ்விட்சான எஸ்.சி.ஆர். வெடித்தது, கெப்பாசிட்டர் உப்பியது என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் கடைசியில் தண்ணீரில்தான் போய் முடிந்தன. கார்டை மாற்றுவார்கள், கேட் ஒயரை மாற்றுவார்கள், இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்துப் புது எஸ்.சி.ஆர். போடுவார்கள். தண்ணீரை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது பேனலுக்கான தண்ணீரைப் பற்றி மட்டும். உலைக் காயிலுக்குப் போகும் தண்ணீர் வேறு சங்கதி. உருகிய இரும்புக்குப் பக்கத்தில் தண்ணீர் கசிகிறது என்று சந்தேகம் வந்தாலே பவரை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். அங்கே நின்று பிழை தேடக் கூடாது.

முதலில் அமைப்பை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்வோம். பேனலுக்குள் எஸ்.சி.ஆர். அல்லது அதே வேலையைச் செய்யும் ஐ.ஜி.பி.டி., கெப்பாசிட்டர், ரியாக்டர் என்னும் காயில் எல்லாவற்றின் சூட்டையும் டி.எம். வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர், வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகிறது. பட்டறையில் பி.எச்.இ. என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அதில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் இந்தப் பக்கம் டி.எம். வாட்டர், அந்தப் பக்கம் கூலிங் டவர் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் தகட்டைத் தாண்டிப் போகும். டவர் அந்தச் சூட்டைக் காற்றில் விடும்.

வேலை தொடங்கும் முன்

பவரை ஆஃப் செய்து, ஐசொலேட்டரைப் பூட்டி, சாவியைப் பையில் போடுங்கள். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகக் குறைந்தது ஐந்து நிமிஷம், பேனல் புத்தகத்தில் அதிகம் சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் காத்திருங்கள். பிறகு மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். ஹோஸில் ஓடுவது தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது. பவர் இருக்கும்போது அந்த ஹோஸின் முனையை மாட்டும் உலோக மூக்கில், அதாவது நிப்பிளில், நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்.

இன்னொன்று. தண்ணீர் சூடானால் பவரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இந்த ஹீட், அதாவது ஒரு தடவை உருக்குவது, முடிந்து ஊற்றும் வரை என்று ஆரம்பிக்கும், அப்புறம் ஆறு மாதம் அப்படியே கிடக்கும். எவ்வளவு அவசரமானாலும் அதைச் செய்யாதீர்கள். எஸ்.சி.ஆர். உள்ளே சிலிக்கான் தாங்குவது பொதுவாக 125 டிகிரி வரைதான். தண்ணீர் 55 டிகிரிக்குப் போய்விட்டால் உள்ளே மிச்சம் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு.

நான்கு வெப்பநிலை

பேனல் தண்ணீரில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் கேட்பது நான்கு எண்களை. பேனலிலிருந்து பி.எச்.இ.க்கு வரும் டி.எம்., பி.எச்.இ.யிலிருந்து பேனலுக்குத் திரும்பும் டி.எம்., டவரிலிருந்து வரும் தண்ணீர், டவருக்குத் திரும்பும் தண்ணீர். இந்த நான்கும் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். ஸ்பேனரைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

பைப்பில் தெர்மாமீட்டர் செருகும் பாக்கெட் இல்லையென்றால் இன்ஃப்ராரெட் கன் வைத்துப் பைப்பின் மேல் பார்க்கலாம். ஆனால் பளபளக்கும் காப்பரிலோ ஸ்டெயின்லெஸ்ஸிலோ நேராகப் பிடித்தால் அது தப்பாகக் காட்டும், பெரும்பாலும் குறைத்துக் காட்டும். பைப்பைத் துடைத்துவிட்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள், ஒரு நிமிஷம் விட்டு டேப்பின் மேல் பிடியுங்கள். நான்கு இடத்திலும் ஒரே மாதிரி டேப், ஒரே தூரம்.

ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நிமிஷத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி சூடானால் அது 70 வாட் எடுத்துக்கொண்டு போகிறது. நிமிஷத்துக்கு 100 லிட்டர், 4 டிகிரி ஏற்றம் என்றால் 28 கிலோவாட். பேனலின் வெப்ப இழப்பு எவ்வளவு என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த 28 கிலோவாட் பேனலையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நன்றாக இருக்கும் நாளில் ஃபுல் பவரில் அரை மணி நேரம் ஓடிய பிறகு டி.எம். 40-இல் வந்து 36-இல் திரும்புகிறது. டவர் தண்ணீர் 32-இல் வந்து 35-இல் போகிறது. இந்த 40, 36, 32, 35 தான் இதன் ஆரோக்கியமான எண்கள். உங்கள் பேனலின் எண்கள் வேறாக இருக்கும். அவற்றைக் கோளாறு இல்லாத நாளில் எடுத்து வைத்திருக்க வேண்டும், கோளாறு வந்த பிறகு ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது.

அறிகுறி: மதியத்துக்கு மேல் டி.எம். டெம்பரேச்சர் ஏறி ட்ரிப் ஆகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காலையில் நன்றாக ஓடும், பதினொரு மணிக்கு மேல் மீட்டர் மெல்ல ஏறும், இரண்டு மணிக்கு ட்ரிப். இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நான்கும் மேலோட்டமாக ஒரே மாதிரி தெரியும், ஆனால் எண்களில் வேறுபடும்.

டவரிலிருந்து வரும் தண்ணீரே 37 என்று வைத்துக்கொள்வோம். போவது 40, டி.எம். 45-இல் வந்து 41-இல் திரும்புகிறது. பேனலுக்குப் போகும் டி.எம்.முக்கும் டவரிலிருந்து வரும் தண்ணீருக்கும் இடையே முன்பும் 4 டிகிரி, இப்போதும் 4 டிகிரி. அப்படியென்றால் பி.எச்.இ. நன்றாக வேலை செய்கிறது, அதைத் தொடாதீர்கள். கோளாறு டவரில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மேலே தண்ணீர் தூவும் குழாய் அடைத்து ஒரே பக்கமாக ஊற்றலாம், உள்ளே தண்ணீர் பரவி வழியும் பிளாஸ்டிக் அடுக்கான ஃபில்ஸ் உப்புக் கட்டியிருக்கலாம். இ.பி. லைனில் வேலை நடந்து பேஸ் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். ஃபேன் சுற்றுகிறதே என்று கீழே இருந்து பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். டவருக்கு மேலே கை நீட்டிப் பாருங்கள், காற்று மேலே தள்ள வேண்டும். அதே நாளில் பம்பின் சுற்றும் மாறியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். சென்ட்ரிபியூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால் சட்டென்று தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் மழைக்காலத்தில் டவர் தண்ணீர் சூடாகவே வருகிறது என்றால் அது டவரின் குற்றம் இல்லை. மண்பானைத் தண்ணீர் ஐப்பசி மாதத்தில் சில்லென்று ஆகாதல்லவா, அதே காரணம்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாக இடம் இல்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று காற்றுக்கு ஓர் அளவு உண்டு, எந்தக் கூலிங் டவரும் தண்ணீரை அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. நல்ல டவர் அதற்கு மேலே 3 முதல் 5 டிகிரியில் நிற்கும்.

இரண்டாவது வகை: டவர் தண்ணீர் 32-இல் வந்து 41-இல் போகிறது, டி.எம். 47-க்கும் 43-க்கும் இடையே நிற்கிறது. டவர் தண்ணீர் 3 டிகிரி ஏற வேண்டிய இடத்தில் 9 டிகிரி ஏறினால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். பி.எச்.இ.க்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டியை, கழற்றுங்கள். பாசி, இலை, டவர் ஃபில்ஸின் பிளாஸ்டிக் துண்டு என்று கைநிறைய வரும். பாதி மூடிய வால்வும் இதே அறிகுறியைத்தான் தரும்.

மூன்றாவது, தகடு படிவு. டவர் தண்ணீர் 32, 35 என்று அப்படியே இருக்கிறது. டி.எம். 46, 42. இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கம் மாறவில்லை, அளவு குறையவில்லை. ஆனால் நடுவில் இருந்த 4 டிகிரி இடைவெளி 10 ஆகிவிட்டது. சூடு தகட்டைத் தாண்டச் சிரமப்படுகிறது. எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் குடிக்க. டவருக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், அது உப்புத் தண்ணீர். கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளைப் போல் இல்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அது கரைந்திருக்க முடியாமல் வெளியே வரும். எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது பி.எச்.இ. தகட்டின் மேலேயே, வந்து ஒட்டும். டவர் வேறு தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது அடித்தண்ணீரைத் திறந்துவிடாத டவரில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

நான்காவது காரணம் டி.எம். பக்கமே ஓட்டம் குறைந்தது. அப்போது வரும் டி.எம்.முக்கும் போகும் டி.எம்.முக்கும் இடையே 4 டிகிரிக்குப் பதில் 8, 10 என்று விரியும். பேனலுக்குப் போகும் தண்ணீர் குளிராகவே இருக்கும், திரும்புவது மட்டும் கொதிப்பாக வரும். டி.எம். பம்பின் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், டேங்க் மட்டம், பம்ப் இம்பெல்லர் என்ற வரிசையில் பாருங்கள்.

பி.எச்.இ.யைத் திறந்து கழுவுவது

தகடு படிவு என்று எண்கள் சொன்னால் முதலில் ஆசிட் சுற்றிப் பாருங்கள், திறக்காமலே சரியாகலாம். சிட்ரிக் ஆசிட் அல்லது சல்ஃபாமிக் ஆசிட். ஒரு சின்ன பம்பும் ஒரு டிரம்மும் இருந்தால் டவர் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற விடலாம். நுரை வருவது நிற்கும்வரை ஓட விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை, அதாவது பாத்ரூம் கழுவும் ஆசிட்டை, ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஊசி ஓட்டை போடும். அந்த ஓட்டை அன்று தெரியாது, மூன்று மாதம் கழித்து வேறு அறிகுறியாக வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

திறக்கத்தான் வேண்டும் என்றால் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் இரண்டு காரியம். முன்தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தகடு அடுக்கின் பக்கவாட்டில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குப் பெயிண்டால் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். திரும்ப அடுக்கும்போது கோடு நேராக வந்தால் வரிசை சரி. ஒரு தகடு தலைகீழாகப் போனால் கோடு உடைந்து தெரியும். தகட்டில் இருக்கும் மீன்முள் வரிகள் ஒன்று விட்டு ஒன்று எதிர்த்திசையில் இருந்தால்தான் தண்ணீர் புரண்டு ஓடும். நைலான் பிரஷ் போதும், இரும்புப் பிரஷ் வேண்டாம். மூடும்போது போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, பெயர்ப்பலகையில் சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும். கசிகிறதே என்று அந்த அளவையும் தாண்டி இறுக்கினால் தகடு நசுங்கும். கேஸ்கெட் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தகடுகளை ஒன்றாகப் பற்றவைத்த, அதாவது பிரேஸ் செய்த, சின்ன பி.எச்.இ. என்றால் திறக்க வழியே இல்லை. ஆசிட் சுற்றுவது மட்டும்தான்.

அறிகுறி: மீட்டர் எல்லாம் நார்மல், ஆனால் ஒரே இடத்து எஸ்.சி.ஆர். திரும்பத் திரும்பப் போகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அதிகப் பணம் இழப்பது இங்கேதான்.

அரசூர்ப் பக்கம் ஒரு பட்டறை. எலக்ட்ரீஷியன் தம்பி போன் செய்தார். “அண்ணா, கன்வர்ட்டர்ல நாலாவது எஸ்.சி.ஆர். மறுபடியும் போயிருச்சுங்க. இது மூணாவதுங்க. கார்டும் மாத்திட்டோம்.” டெம்பரேச்சர் எவ்வளவு என்றேன். “நாப்பது தானுங்ணா, பக்காவா இருக்கு.”

அந்த நாற்பதுதான் ஏமாற்றியது. தெர்மோஸ்டாட் இருப்பது, பேனலுக்குள் பிரிந்து ஓடும் எல்லாக் கிளைகளும் சேர்ந்து வரும் பொதுக்குழாயில். பன்னிரண்டு கிளையில் ஒன்று அடைத்துக்கொண்டால், மற்ற பதினொன்றின் தண்ணீர் அதை மறைத்துவிடும். முழுக்க அடைத்திருந்தால் இன்னும் மோசம். அந்தக் கிளையிலிருந்து தண்ணீரே வராதபோது அதன் சூடு எப்படிப் பொதுக்குழாய்க்கு வந்து சேரும்?

போய்ச் செய்தது ரொம்பச் சின்ன சோதனை. பவரைப் பூட்டி, டிஸ்சார்ஜ் பார்த்து, டி.எம். பம்பை மட்டும் ஓட விட்டோம். ஒவ்வொரு கிளையின் ரிட்டர்ன் ஹோஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, செல்போனில் நேரம் பார்த்தோம். முதல் கிளை 12 செகண்ட். இரண்டாவது 13. மூன்றாவது 12. நான்காவது 41.

நிமிஷத்துக்கு 5 லிட்டர் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை லிட்டர். 70 வாட் கணக்கைப் போட்டால், அந்த எஸ்.சி.ஆர். 700 வாட் விட்டாலும் தண்ணீர் 2 டிகிரிக்குப் பதில் 7 டிகிரி ஏறும், அவ்வளவுதானே என்று தோன்றும். விஷயம் அதில் இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் ஹீட் சிங்க்கின் சுவரைப் புரண்டு தேய்த்துக்கொண்டு போகும். மெதுவாக ஓடும் தண்ணீர் அடுக்கடுக்காக வழுக்கிப் போகும். சுவரை ஒட்டிய அடுக்கு அப்படியே நின்றுவிடும், சூடு அதைத் தாண்டி வரத் திணறும். தண்ணீர் சும்மா வெதுவெதுப்பாக இருக்கும்போதே எஸ்.சி.ஆர். உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள் துளையின் வாயில் வெள்ளையாக ஒரு டெஃப்லான் டேப் துண்டு, ஒரு முனை மரையில் சிக்கி, மறுமுனை தண்ணீரோடு நீண்டு, கதவு மாதிரி மூடியிருந்தது. முதல் தடவை எஸ்.சி.ஆர். மாற்றியபோது யாரோ டேப்பை மரையின் நுனி தாண்டிச் சுற்றியிருக்கிறார்கள். டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரையை வெறுமனே விடுங்கள். இதை நான் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சொல்கிறேன்.

பாட்டில் சோதனையில் எல்லாக் கிளையும் ஒரே மாதிரி வந்தால், அடுத்தது பிடிமானம். வட்டு எஸ்.சி.ஆர். இரண்டு ஹீட் சிங்க்குக்கு நடுவே அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தம் டன் கணக்கில் இருக்க வேண்டும். எவ்வளவு என்று எஸ்.சி.ஆர். தாளில் போட்டிருக்கும், கிளாம்பில் காட்டியும் இருக்கும். குறைந்தால் சூடு தாண்டாது, கூடினால் உள்ளே சிலிக்கான் நொறுங்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து இறுக்கினாலும் அதே கதி. பழைய எஸ்.சி.ஆரைக் கழற்றியதும் அதன் முகத்தைப் பாருங்கள். அழுத்தத் தழும்பு வட்டம் முழுக்கச் சீராக இருக்கிறதா, பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா? பிறை என்றால் கிளாம்ப் கோணல். ஹீட் சிங்க் முகத்தில் முன்பு வெடித்தபோது விழுந்த பொத்தல் இருந்தால், அதன்மேல் புது எஸ்.சி.ஆர். வைப்பது காசைத் தண்ணீரில் போடுவதுதான். முகத்தைச் சமன் செய்ய வேண்டும், இல்லையென்றால் சிங்க்கையே மாற்ற வேண்டும். கிரீஸை வெண்ணெய் மாதிரி அப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு படலம் போதும்.

அறிகுறி: கண்டக்டிவிட்டி ஏறுகிறது, அல்லது எர்த் லீக்கேஜில் ட்ரிப் ஆகிறது

தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவுதான் கண்டக்டிவிட்டி. சுத்தமான தண்ணீர் கிட்டத்தட்ட மின்சாரம் கடத்தாது. அதனால்தான் பேனலில் டி.எம். வாட்டர் போடுகிறோம். பல பேனல்களுக்கு 50 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே கேட்பார்கள், சிலவற்றுக்கு இன்னும் குறைவாக. போர் தண்ணீர் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

இது வெறும் எண் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 10 மில்லிமீட்டர் துளை, ஒரு மீட்டர் நீளம் உள்ள ஹோஸில் 50 மைக்ரோசீமென்ஸ் தண்ணீர் இருந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 25 லட்சம் ஓம். 600 வோல்ட் டி.சி.க்குக் கால் மில்லி ஆம்பியர்தான் கசியும். அதே ஹோஸில் ஆயிரம் மைக்ரோசீமென்ஸ் தண்ணீர் ஓடினால் 5 மில்லி ஆம்பியர் அருகே போகும். ஒரு வருஷம் இடைவிடாமல் அப்படிக் கசிந்தால், கணக்குப்படி பாஸிட்டிவ் பக்க நிப்பிளிலிருந்து 50 கிராம் அளவுக்குக் காப்பர் கரைந்து போகலாம். சின்ன நிப்பிள் முழுசாகவே அவ்வளவு எடை இருக்காது. நிப்பிள் திடீரென்று ஒடிந்து பேனலுக்குள் தண்ணீர் பீய்ச்சியது என்று சொல்வார்கள். திடீரென்று எதுவும் இல்லை, மாதக்கணக்கில் அது உள்ளிருந்து கரைந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்க நிப்பிள் புதுசு மாதிரி இருக்கும், எதிர்ப்பக்க நிப்பிளின் வாய் பிளேடு மாதிரி மெலிந்திருக்கும். வேறு இடத்தில் நீலப்பச்சைப் படிவும் இருக்கும்.

கண்டக்டிவிட்டி ஏறினால் முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். சூட்டைக் கழித்துக் காட்டாத மீட்டர் என்றால், ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூட்டித்தான் காட்டும். அது சரியென்றால் தண்ணீரிலிருந்து உப்பைப் பிடிக்கும் டி.எம். கார்ட்ரிட்ஜ் ரெசின் தீர்ந்ததா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லையென்றால் தீர்ந்தது. மாற்றிய பிறகு மெதுவாக, மாதக்கணக்கில் ஏறுவது இயல்பு. இரண்டே நாளில் ஏறினால் எங்கிருந்தோ உப்பு உள்ளே வருகிறது. யாராவது டேங்க்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்களா என்று அமைதியாக விசாரியுங்கள், திட்டினால் உண்மை வராது. ஊற்றவில்லை என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

ஹோஸ் மாற்றும்போது கவனம்: கறுப்பு ரப்பர் ஹோஸில் கார்பன் கலந்திருக்கும், அதுவே கரண்ட் கடத்தும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ட்ரிப் நிற்காது. பேனலுக்கென்று வரும் கார்பன் இல்லாத ஹோஸ்தான் போட வேண்டும், நீளத்தையும் குறைக்கக் கூடாது. ஜி.ஐ. பைப், ஜி.ஐ. எல்போ எதையும் டி.எம். பக்கம் சேர்க்காதீர்கள், துரு வந்து எல்லாக் கிளைக்கும் போகும்.

அறிகுறி: டி.எம். டேங்க் மட்டம் தானாக மாறுகிறது

குறைந்தால் கசிவு. வெளியே சொட்டும் இடம் கண்ணில் படும். பி.எச்.இ. கேஸ்கெட் போனாலும் பெரும்பாலும் வெளியேதான் சொட்டும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் மட்டம் இறங்குகிறது என்றால் தகட்டில் ஓட்டை. டி.எம். பக்கம் பிரஷர் அதிகம் இருப்பதால் டவர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

மட்டம் ஏறுவதுதான் குழப்பும். ஓர் இடத்தில் தினமும் காலையில் டி.எம். டேங்க் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். வாட்ச்மேன் மேல்கூடச் சந்தேகப்பட்டார்கள். பகலில் ஒன்றும் நடக்காது. நடந்தது இதுதான்: டவர் மொட்டைமாடியில், டி.எம். டேங்க் தரையில். பகலில் டி.எம். பம்ப் ஓடும்போது அந்தப் பக்கப் பிரஷர் அதிகம். இரவில் இரண்டு பம்பும் நின்றதும் மாடித் தொட்டியின் உயரமே அழுத்தமாகி, தகட்டின் ஊசி ஓட்டை வழியாக உப்புத் தண்ணீரை டி.எம். பக்கம் தள்ளியது. காலையில் கண்டக்டிவிட்டி அலாரமும் சேர்ந்தே அடித்தது. மூன்று மாதத்துக்கு முன் அந்த பி.எச்.இ.யைப் பாத்ரூம் ஆசிட்டில் கழுவியிருந்தார்கள்.

உறுதி செய்ய, மாலை நிறுத்தும்போது டவர் பக்க வால்வு இரண்டையும் மூடிவிட்டு டேங்க் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். மறுநாள் காலை கோட்டிலேயே நின்றால் ஓட்டை பி.எச்.இ.யில்தான். வால்வு மூடியிருக்கும்போது யாரும் பவர் போடாமல் இருக்க ஒரு சீட்டு எழுதி மாட்டிவிடுங்கள். ஓட்டைத் தகட்டை அடைக்க முயலாதீர்கள், மாற்றுங்கள்.

அறிகுறி: பிரஷர் முள் ஆடுகிறது, பம்பில் கூழாங்கல் உருளும் சத்தம்

காற்று, அல்லது சக்‌ஷன் பக்கம் அடைப்பு. தண்ணீர் வடித்து நிரப்பிய பிறகு என்றால் பேனலின் உச்சியில் இருக்கும் ஏர் வெண்ட்டைத் திறந்து, குமிழ் நின்று தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். மற்ற நேரங்களில் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரும் டேங்க் மட்டமும்.

அறிகுறி: மழை நாள் காலையில் பேனலுக்குள் வியர்வை

ஹீட் சிங்க், பஸ்பார் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். கசிவு என்று ஹோஸ் கிளிப்பை எல்லாம் இறுக்குவார்கள். துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். ஓர் இணைப்பில் மட்டும் திரும்ப வந்தால் கசிவு, எல்லாக் குளிர்ந்த பரப்பிலும் சீராக வந்தால் வியர்வை. காற்று 30 டிகிரி, ஈரம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். அந்த 26 தான் அந்தக் காற்றின் பனிநிலை.

வெறும் கூலிங் டவர் உள்ள இடத்தில் இது அபூர்வம், ஏனென்றால் டவர் தண்ணீர் அந்த நேரத்துப் பனிநிலைக்குக் கீழே போகவே முடியாது. சில்லர் வைத்திருப்பவர்களுக்கும், பேனல் ரூமில் ஏ.சி. ஓட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்களுக்கும்தான் அதிகம் வரும். இரவு குளிர்ந்து கிடந்த பெரிய தொட்டித் தண்ணீரைக் காலையில் ஈரக்காற்று வந்த பிறகு சுற்ற விட்டாலும் வரும். பவர் போடாமல் துடைத்து, உலர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். சில்லர் செட்டிங்கை ஏற்றி, தண்ணீரைப் பனிநிலைக்கு 3 டிகிரியாவது மேலே வையுங்கள். எஸ்.சி.ஆருக்குக் குளிர்ந்த தண்ணீர் தேவையில்லை, நிற்காமல் ஓடும் தண்ணீர் போதும்.

திரும்ப ஓட்டும்போது

எந்தக் கோளாறைச் சரி செய்திருந்தாலும் நேராக ஃபுல் பவர் போகாதீர்கள். பம்பை மட்டும் பத்து நிமிஷம் ஓட விட்டு, காற்றை எடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். சொட்டு விழாத கசிவும் தாளில் ஈரமாகத் தெரியும். கண்டக்டிவிட்டி இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு கால் பவரில் ஒரு பதினைந்து நிமிஷம், அரை பவரில் ஒரு பதினைந்து நிமிஷம், அப்புறம் முழுசு. முழுப் பவரில் அரை மணி ஓடியதும் அந்த நான்கு வெப்பநிலைகளையும் எடுத்து, கண்டக்டிவிட்டியையும் தேதியையும் சேர்த்து, பேனல் கதவின் உள்பக்கம் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். லாக்புக் தொலைந்துபோகும், கதவு தொலையாது.